ஒருவெட்டின் மேசை

ஒருவெட்டு என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் உட்கார்ந்திருப்பார். மனைவி தொடையில் தட்டினால்தான் எழுந்திருப்பார்.

பட்டறையில் வைத்த பட்டப்பெயர் அது. அளவு ஒரு தடவைதான் எடுப்பார், ரம்பத்தை ஒரு தடவைதான் வைப்பார். மற்ற தச்சர்கள் அளந்து, கோடு போட்டு, நம்பிக்கை வராமல் மறுபடி அளந்து, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசிக்கிற நேரத்தில், இவர் கதவுப் பலகையை அறுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு டீக்குப் போயிருப்பார். போகிற போக்கில் "என்னப்பா, இன்னும் அளவுதானா?" என்று ஒரு கேள்வி வேறு கேட்பார். அந்தக் கொழுப்பு அவருக்கு உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

அப்படிப்பட்ட மனிதர்தான் ஒரு வீட்டுக்கான கதவுப் பலகைகள் அத்தனையையும் குறைத்து வெட்டிவிட்டார். ஒன்றல்ல, அத்தனையும். நிலையில் பொருத்தப் போனால் பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. எப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. முதலாளி சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். அவர் தோளில் கையை வைத்து, "கொஞ்ச நாள் வீட்டுல இருங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம்? ஓய்வு எடுத்துக்கொள் என்பதா, இனிமேல் வராதே என்பதா? கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அப்புறம் பார்த்துக்கலாம் என்றால் யார், எதைப் பார்ப்பது? திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதருக்கு அன்றைக்கு வாய் ஒட்டிக்கொண்டது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்.

வீடு என்பது முன்னறை, பின்னறை, சமையலறை. பின்னறையில் மனைவியின் தையல் இயந்திரம். தெருவில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த துணிதான். வருமானத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய தம்பிதான் சொன்னான். அவன் ஒரு கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவன். கிடங்கு வாசலில் காவலுக்கு ஆள் வேண்டுமாம், நாற்காலி உண்டாம், மின்விசிறி உண்டாம், வண்டி வந்தால் கதவைத் திறந்தால் போதுமாம். மாமா வாழ்க்கை முழுக்கக் கதவு செய்தவர்தானே, இனித் திறந்து மூடட்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஒருவெட்டுக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

அவருக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையிலேயே ஒரு வேலை மேசை போட்டுக்கொண்டால், ஜன்னல், அலமாரி, உடைந்த கதவு என்று தெருவில் வரும் வேலையைத் தானே எடுத்துச் செய்யலாம். மேசை ஆடாமல் அசையாமல் நின்றால், தன் கையில் இன்னும் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லையென்றால் கிடங்கு வாசல் நாற்காலி. இப்படித் தனக்குத்தானே பந்தயம் கட்டிக்கொண்டார். மனைவியிடமும் சொன்னார். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "சரி, போடுங்க" என்றாள்.

மரத்துக்கு எங்கே போவது? நல்ல மரம் வாங்குகிற நிலைமையா இருக்கிறது? மச்சினன் கிடங்கில் இயந்திரங்கள் வந்து இறங்கிய பெட்டிகள் உடைந்து கிடந்தன. அந்தப் பலகைகளைச் சும்மா கொடுத்த மாதிரி கொடுத்தார்கள். மட்டமான மரம். முடிச்சு, கோணல், ஆணி. ஆணியைப் பிடுங்கியே அவருக்கு விரல் வீங்கிப்போனது. ஆனால் பலகைகளைச் சுவரோரம் அடுக்கியதும் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். இது நான்கு காலுக்கு, இது குறுக்குச் சட்டத்துக்கு, இது மேல்பலகைக்கு. மிச்சம் வராது, பற்றாக்குறையும் வராது. ஒரு துண்டு கெட்டாலும் திண்டாட்டம்தான்.

மட்டமான மரத்தில் கெட்டியான மேசைக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கால் ஒவ்வொன்றும் இரட்டைப் பலகை. வெளிப்பக்கம் ஒரே நீளப் பலகை. உள்பக்கம் துண்டு துண்டாக. கீழே ஒரு சின்னத் துண்டு, அப்புறம் இடைவெளி, நடுவில் பெரிய துண்டு, உச்சியில் மறுபடி இடைவெளி. அந்த இடைவெளிகளில் குறுக்குச் சட்டங்கள் வந்து உட்காரும். பசை போட்டு இறுக்கினால் நகராது. உளியால் துளை தோண்டவே வேண்டாம். துளை தோண்டுவதற்கு மேசை வேண்டுமே, அந்த மேசைக்குத்தானே இத்தனை பாடு. மேல்பலகைக்குக் குறுகலான சட்டங்களை நிமிர்த்தி வைத்து, ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் போதும், கனம் தானாக வந்துவிடும்.

மேசை இல்லாமல் மேசை செய்கிற கூத்தை என்னவென்று சொல்வது! இரண்டு முக்காலி மேல் பலகையை வைப்பார். பெட்டிப் பலகை கோணல் என்பதால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அமுக்க அவர் அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அடுத்த முனைக்குக் கை எட்டாது. ஆகவே அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அளவைச் சொல்ல, மனைவி அந்த முனையில் டேப்பைப் பிடித்து, துணிக்குக் கோடு போடுகிற சாக்குக்கட்டியால், மூலைமட்டத்தை வைத்துக் கோடு போடுவாள். அப்புறம் அவர் இறங்கி வந்து கோட்டில் ரம்பத்தை வைப்பார். ஒரே இழுப்பில் அறுத்துத் தள்ளுவார்.

கோட்டை ஒரு தடவை அளந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அளக்க மாட்டார். முன்பு அளக்காதது திமிர். இப்போது அளக்காதது பயம். அளந்து பார்த்தால், தன் அளவை நம்ப முடியாது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? கோட்டின் மேல் கண்ணை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார்.

முதல் சந்தேகம் மர அடுக்கைப் பார்த்து வந்தது. ஒரு பலகையில் மூன்று துண்டு வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். இரண்டுதான் வந்தது. மூன்றாவதுக்குக் கொஞ்சம் போதவில்லை. சரி, கணக்கில் பிசகிவிட்டேன் போலிருக்கிறது என்று அடுத்த பலகையை எடுத்தார். அதிலும் அதே கதை. சுவரோரம் அடுக்கு மளமளவென்று குறைந்தது. 

முதல் காலைத் தரையில் படுக்க வைத்து, துண்டுகளை வரிசையாக வைத்து, உச்சி இடைவெளியில் குறுக்குச் சட்டத்தை உட்கார வைத்தார். சட்டம் உட்காரவில்லை. காலுக்கு மேலே கட்டைவிரல் அகலத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. புரட்டி வைத்தார். அப்படியும் துருத்தியது. டேப்பை எடுத்துக் கீழ்த் துண்டை அளந்தார். ஆறு அங்குலம் இருக்க வேண்டியது, ஏழு இருந்தது. நடுத் துண்டும் கூடுதல். வெளிப்பலகையும் அப்படியே.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். "நான் ஆறுன்னுதானே சொன்னேன்?"

அவள் இயந்திரத்தை நிறுத்தாமலேயே, "நீங்க சொன்னதத்தான் போட்டேன்" என்றாள்.

அப்படியென்றால் ஏழு என்று சொல்லியிருக்கிறேனா? ஆறு என்று நினைத்து, வாயில் ஏழு வந்துவிட்டதா? ஒருவெட்டுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நாள் அளவைச் சொல்லும்போது, அவளையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். "பதினெட்டு" என்றார். "பதினெட்டு" என்றாள். கோடு போட்டாள், அறுத்தார். அறுத்த பிறகு அளந்தார். பத்தொன்பது.

இப்போது யாரைச் சந்தேகிப்பது? தெருவுக்கே அளவெடுத்துத் தைக்கிறவளையா? டேப்பைச் சந்தேகித்தார். அவளுடைய துணி டேப்பைக் கேட்டு வாங்கி, தன் இரும்பு டேப்போடு சேர்த்துத் தரையில் விரித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று துரோகம் செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். கண்ணாடி இல்லாமலும் பார்த்தார். கடைசியில், வெட்டிய மரம் ஈரத்தில் வளருமோ என்றுகூட ஒரு யோசனை வந்தது. நீளவாக்கில் வளருமாம்! அப்படி வளர்ந்தால் இவர் செய்து போட்ட கதவெல்லாம் இத்தனை நாளில் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டாமா? முப்பது வருஷம் மரத்தோடு புரண்ட மனிதருக்கு இப்படி ஒரு யோசனை வந்ததே, அதிலிருந்தே அவர் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

உண்மையில் அவரை அரித்தது வேறு. அவருடைய அப்பா பஸ் நடத்துநராக இருந்தவர். கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்துபோய், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பார். பெற்ற மகனிடமும் கேட்டார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அதுவும் இப்படித்தான் ஆரம்பித்தது. மீதிச் சில்லறையில் தப்பு, நிறுத்தத்தின் பெயரில் தப்பு. ஒருவெட்டு ஏழு அங்குலத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கும் ஆரம்பித்துவிட்டதா என்று நினைத்தார்.  துண்டைக் கீழே வைத்துவிட்டு முன்னறையிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

ஆனாலும் மனிதர் விடவில்லை. நீளமாக வந்த துண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அளவுக்கு நறுக்கினார். நறுக்கிய சில்லுகளை ஒரு டப்பாவில் போட்டார். அடுப்பெரிக்கக்கூட ஆகாத சில்லுகள். நான்கு காலும் முடிந்தது, போதாமல் நின்ற துண்டுகளை முனைக்கு முனை சேர்த்து மேல்பலகையும் ஒட்டியாயிற்று. சுவரோரம் ஒரே ஒரு நீளப் பலகைதான் மிச்சம் இருந்தது. கால்களை நீளவாக்கில் இணைக்கிற இரண்டு சட்டங்களும் அதிலிருந்துதான் வர வேண்டும். அதைத் தொட அவருக்குத் தைரியம் வரவில்லை. மச்சினனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். நாளைக்கு வா, வேலை விஷயம் பேசலாம் என்று.

காலையில் அந்த டப்பாவைக் குப்பையில் கொட்டப் போனார். கொட்டும்போது ஒரு சில்லு காலடியில் விழுந்தது. எடுத்தார். இன்னொன்றை எடுத்து அதோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். இன்னொன்று. படிக்கட்டிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பிஸ்கட் மாதிரி அடுக்கினார். அத்தனையும் ஒரே கனம். பெரிய துண்டில் வந்ததும் ஒரு அங்குலம், சின்னத் துண்டில் வந்ததும் ஒரு அங்குலம்.

புத்தி பிசகினவன் ஒரு தடவை கூட்டுவான், ஒரு தடவை குறைப்பான். இது என்ன, சொல்லி வைத்த மாதிரி? அவருக்கு மண்டைக்குள் ஏதோ ஓடியது, ஆனால் பிடிபடவில்லை. சில்லுகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனார். மனைவி யாருடைய சட்டைக்கோ துணியை விரித்துக் குனிந்திருந்தாள். பதினாலு என்று முணுமுணுத்துக்கொண்டே டேப்பை வைத்தாள். சாக்குக்கட்டி பதினாலைத் தாண்டிப் போய்ப் பதினைந்தில் கோடு போட்டது. தையலுக்கு விடுகிற துணி. வருஷக்கணக்காக அவர் பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம்தான்.

சில்லுகளைத் துணியின் மேலேயே வைத்தார். அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், சில்லுகளைப் பார்த்தாள். மறைக்க எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்துவிட்டது.

"முதக் கட்டைக்குக் கை தானாப் போயிடுச்சுங்க" என்றாள். "அப்புறம் தெரிஞ்சேதான் போட்டேன்."

"எதுக்கு?"

"மறுபடியும் குறைஞ்சுட்டா நீங்க தாங்க மாட்டீங்கன்னு. நீளமா இருந்தா நறுக்கிக்கலாம், குறைஞ்சா என்ன பண்றது? எனக்கு உங்க அளவு மேல நம்பிக்கை இல்லாமப் போச்சு. அத எப்படிச் சொல்றது?"

அவர் அங்கேயே, துணிக்குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்ததா என்றால் வந்தது. பல நாளாக இந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தது, மரம் வளருமா என்று யோசித்தது, அப்பாவை நினைத்து நினைத்துச் செத்தது எல்லாம் எதனால்? இவள் வைத்த கரிசனத்தால்! வாய் நிறையத் திட்டலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அதற்குள் இன்னொன்று முந்திக்கொண்டது. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு என்றால் ஆறுதான் சொல்லியிருக்கிறேன். கண் கலங்கிப்போனது அவருக்கு. அவளும் அழுதாள். இரண்டு பேரும் அழுதுகொண்டே, எதற்கு அழுகிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அந்தக் கடைசிப் பலகையை முக்காலிகளின் மேல் ஏற்றினார். நடுவில் ஒரே வெட்டு. இரண்டு சட்டம். ஒன்றில் கூட்டினால் இன்னொன்றில் குறையும். அவளுக்கும் அது தெரியும், விளக்கத் தேவையில்லை. அவர் ஏறி உட்கார்ந்து அளவைச் சொன்னார். அவள் சாக்குக்கட்டியைப் பிடித்த கை அந்தரத்திலேயே நின்றது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

கோடு போட்டாள். அவர் இறங்கி வந்தார். ரம்பத்தை எடுத்தார். எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கத்து முனையிலிருந்து டேப்பைப் பிடித்து, கோட்டை இன்னொரு தடவை அளந்தார். பட்டறையில் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள். சரியாக இருந்தது. அப்புறம்தான் அறுத்தார்.

இரண்டு சட்டமும் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, முனகிக்கொண்டே இடத்தில் போய் உட்கார்ந்தன. மேல்பலகையை ஏற்றி இறுக்கினார்கள். முடிச்சும் ஆணி ஓட்டையுமாக, பார்க்க ஒன்றும் அழகான மேசை இல்லை. ஆனால் அவர் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார், வீடு ஆடினாலும் ஆடும் போலிருந்தது, மேசை ஆடவில்லை. பந்தயம் ஜெயித்தாயிற்று. குதிக்க வேண்டிய மனிதர் குதிக்கவில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜெயித்தது யார் என்று அவருக்கே விளங்கவில்லை. நிற்கிற மேசையில் அவர் அளவு எவ்வளவு, அவள் பயம் எவ்வளவு?

மச்சினன் சொன்னபடி வந்துவிட்டான். வந்தவன் நேராக மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, "பலமாத்தான் இருக்கு மாமா" என்றான். வேலைக்கு எப்போது வருவதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டான். அவர் நேரே சமையலறைக்குப் போனார். அவள் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லட்டும்?" என்றார். "கூட்டாமச் சொல்லு. குறைக்காமச் சொல்லு. எனக்குத் தாங்குமா தாங்காதான்னு பாக்காத."

அவள் அடுப்பைத் தணித்தாள். அவருக்கு மனசு திக்திக்கென்றது. பட்டறையில் முதலாளி தோளில் கை வைத்தபோதுகூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

"அந்தக் கதவெல்லாம் குறைச்சு வெட்டுனது நீங்கதான்" என்றாள். "அத வேற யாரும் வெட்டல. இனிமேலும் ஒரு நாள் குறைச்சு வெட்டத்தான் போறீங்க. வெட்டிட்டுப் போங்க. இங்கயே வெட்டுங்க."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டிவிட்டு, மறுபடியும் ஆட்டினார். அப்புறம் இரண்டு டம்ளர் டீயையும் தானே எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், மச்சினனிடம் ஒன்றை நீட்டி, வாசல் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவன் ஏன் என்று கேட்டான். முதலில் மேசையைவிட்டு இறங்கு, பசை இன்னும் காயவில்லை என்றார்.